முதல் கியரில் "டொங்" என்று கேட்டால்: பழைய மசில் கார்களில் இன்ஜின் மவுண்ட் அறுவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது

மிஷிகனில் ஏப்ரல் வந்த பிறகுதான் பழைய கார்களை வெளியே எடுப்போம். குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கிடக்கும், அதில் ஐம்பது வயதைத் தாண்டிய காரை ஓட்ட யாருக்கும் மனசு வராது. என்னிடம் இருப்பது ஒரு மசில் கார், அதாவது பெரிய வி8 இன்ஜின் போட்ட அமெரிக்கக் கார்: 1967 செவர்லே ஷெவெல், 396 கன அங்குல வி8, நாலு கியர் மேனுவல். சில வருஷங்களுக்கு முன் இப்படி வெளியே எடுத்த முதல் வாரமே, முதல் கியரில் கிளம்பும்போது கீழே எங்கோ "டொங்" என்று ஒரு சத்தம். டிரைவ் ஷாஃப்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டி இரண்டையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. ரியர் ஆக்ஸிலில் பல்சக்கர இடைவெளியாக இருக்கும், அடுத்த குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் பக்கத்து சீட்டில். நெடுஞ்சாலையில் ஏறும் சரிவில் இரண்டாம் கியரில் அழுத்திவிட்டுக் காலை எடுத்தேன். கார் வேகம் குறையவில்லை. ஆக்ஸிலேட்டர் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இன்ஜின் இழுத்துக்கொண்டே போனது. கிளட்ச்சை மிதித்தேன், பெடல் பாதியிலேயே முட்டி நின்றது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து ஓரம் கட்டினேன். பானட்டைத் திறந்து பார்த்தால், இன்ஜினைச் சேசிஸில் (காரின் அடிச்சட்டத்தில்) தாங்கிப் பிடிக்கும் மவுண்டுகளில் இடது பக்கத்தது இரண்டு தகடாகப் பிரிந்து கிடந்தது. நடுவில் ஒட்டியிருக்க வேண்டிய ரப்பர் ஒரு தகட்டை மொத்தமாக விட்டுவிட்டிருந்தது.

அந்த "டொங்" இரண்டு மாதமாக எனக்குச் சொன்னது இதைத்தான். மவுண்ட் ஒரே நாளில் அறுந்துவிடுவதில்லை, அதற்கு முன் பலமுறை சொல்லிப் பார்க்கிறது. அது சொல்வதைப் புரிந்துகொள்வதற்காகத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

முதலில்: ஏன் இடது பக்கம்?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். அமெரிக்க வி8 இன்ஜின்களை முன்னால் நின்று பார்த்தால் கிராங்க் ஷாஃப்ட் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். அது சக்கரத்தைத் திருக முயலும்போது இன்ஜின் உடம்பு எதிர்த் திசையில் திரும்பப் பார்க்கும். அதாவது ஓட்டுநர் இருக்கும் இடது பக்கம் மேலே எழும்பும், வலது பக்கம் கீழே அமுங்கும். வலது மவுண்டின் ரப்பர் நசுங்குகிறது, இடது மவுண்டின் ரப்பர் இழுபடுகிறது. நசுங்குவதை ரப்பர் தாங்கும். தகட்டிலிருந்து பிய்த்து இழுப்பதைத்தான் அதனால் தாங்க முடியாது.

எவ்வளவு விசை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே உடம்பாகப் பூட்டப்பட்டவை. அதனால் மவுண்டுகள் மேல் வருவது இன்ஜினின் டார்க் (சுழற்றும் விசை) மட்டுமல்ல, முதல் கியர் பெருக்கித் தரும் டார்க் முழுதும். 1967இல் 350 குதிரைத் திறன் கொண்ட 396 இன்ஜினுக்குக் கம்பெனி சொன்ன டார்க் 415 அடி-பவுண்டு. மன்ஸி எம்20 கியர் பாக்ஸில் முதல் கியர் விகிதம் 2.52. பெருக்கினால் 1,046 அடி-பவுண்டு, கிட்டத்தட்ட 1,420 நியூட்டன் மீட்டர். 1970இன் எல்எஸ்6 454 கன அங்குல இன்ஜின் என்றால் 500 அடி-பவுண்டு, எம்22 கியர் பாக்ஸின் 2.20 விகிதத்தோடு 1,100. ஆட்டோமேட்டிக்காக இருந்தால், கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் கிளம்பும் நொடியில் இன்னும் பெருக்கும். உள்ளங்கை அளவுள்ள ஒரு ரப்பர் துண்டு இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து டயர்கள் ஒருவகையில் இதற்கு ஃபியூஸ் மாதிரி இருந்தன. அன்றைய பாலிகிளாஸ் டயர் சட்டென்று வழுக்கிவிடும், மிச்ச விசை புகையாகப் போய்விடும். இன்றைக்கு நாம் போடும் அகலமான ரேடியல் டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்கிறது. வழுக்கலில் போயிருக்க வேண்டிய விசை மவுண்டுக்கு வருகிறது. டயரை மாற்றியவர்கள், இன்ஜினுக்குப் பவர் ஏற்றியவர்கள் எல்லாரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இது எனக்கு மட்டும் நடந்த கதையும் இல்லை. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1965 முதல் 1969 வரையிலான சுமார் 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் இதே மவுண்ட் பிரிதல்தான். அதுவரை நடந்தவற்றில் மிகப் பெரிய திரும்ப அழைப்பு அது. தீர்வாக அவர்கள் எல்லா வண்டிக்கும் புது மவுண்ட் போடவில்லை. மவுண்ட் பிரிந்தாலும் இன்ஜின் அதிகம் எழும்பாதபடி ஒரு இரும்புக் கயிற்றைக் கட்டி அனுப்பினார்கள். இன்றும் சில கார்களில் அந்தக் கயிறு இருக்கும். பெயின்ட் அடித்து அழகுபடுத்தும்போது இது என்ன தேவையில்லாத கம்பி என்று கழற்றிப் போட்டவர்களும் உண்டு. உங்கள் காரில் இருந்தால் தயவுசெய்து கழற்றாதீர்கள்.

சோதனை செய்யும் விதம்

எந்த அறிகுறியாக இருந்தாலும் கடைசியில் இந்த இரண்டு சோதனைகளில்தான் வந்து நிற்போம். அதனால் இவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, நின்ற நிலையில். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கி மேல் ஒரு அகலமான மரப்பலகையை வைத்து, இன்ஜின் எடை மவுண்டை விட்டு விலகும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். ஆயில் சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில்) நேராக ஜாக்கியை வைக்காதீர்கள். செவர்லே வி8 இன்ஜின்களில் சம்ப் தகட்டுக்கும் ஆயில் பம்ப்பின் உறிஞ்சும் வலைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. தகடு நசுங்கி அந்த வலையில் முட்டினால் ஆயில் ஏறாமல் இன்ஜினே போய்விடும். தூக்குவதற்கு முன், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் கழற்றிவிடுங்கள். இன்ஜின் எழும்பினால் அது பின்சுவரில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டில்) இடித்து உடையும்.

இப்போது டார்ச் அடித்து ரப்பரைப் பாருங்கள். மூன்று விஷயம் தேட வேண்டும்: ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்திருக்கிறதா, நடுவில் பிளந்திருக்கிறதா, மேற்பரப்பு காய்ந்து ஏரித்தரை மாதிரி வெடித்திருக்கிறதா. மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் நன்றாக இருந்து, தகடு மட்டும் பிளாக்கை விட்டோ சேசிஸை விட்டோ அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்ஜினை இறக்கிவிட்டு முறுக்கினால் போதும்.

எடை உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் பிரிந்த மவுண்டும் நல்ல மவுண்ட் மாதிரியே தெரியும். என்னுடையது அப்படித்தான் என்னை ஏமாற்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பானட்டைத் திறந்து மேலிருந்து பார்த்துவிட்டு "மவுண்ட் சரியாக இருக்கிறது" என்று சொன்னவன் நான். தூக்காமல் பார்ப்பது பார்த்ததாகாது.

இரண்டாவது சோதனை, இன்ஜின் ஓடும்போது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை, பார்க்கிங் பிரேக், உள்ளே இருப்பவர் பிரேக்கை முழுசாக மிதித்திருக்க வேண்டும். பார்ப்பவர் காரின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது, ஃபேனுக்கு நேர்க்கோட்டிலும் நிற்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் என்றால் டிரைவில் போட்டு, ஒரு நொடி லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து விடச் சொல்லுங்கள். இன்ஜினின் இடது பக்கம் கொஞ்சம் எழும்பி உட்காரும். அரை அங்குலம் வரை நான் கவலைப்பட மாட்டேன். ஒரு அங்குலத்தைத் தாண்டினாலோ, உட்காரும்போது தட்டும் சத்தம் கேட்டாலோ சோதனையை உடனே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. ரிவர்ஸில் போட்டால் விசை மறுபக்கம் திரும்பும், வலது பக்கம் எழும்பும். வலது மவுண்டைச் சோதிக்க அதுதான் வழி.

மேனுவல் கியர் காரில் இந்த இரண்டாவது சோதனையை நான் செய்வதில்லை. கிளட்ச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு செய்வது நம்பகமானதல்ல. ஜாக்கி சோதனையே போதும்.

அறிகுறி: காலை எடுத்த பிறகும் இன்ஜின் வேகம் குறையவில்லை

இது நடந்தால் முதலில் செய்ய வேண்டியதை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். கார்புரேட்டர் முழுக்கத் திறந்திருக்கும்போது இன்ஜினில் வேக்யூம் (காற்றில்லா உறிஞ்சு விசை) இருக்காது. பவர் பிரேக்குக்கு, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்யூம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். பிறகு இன்ஜினை அணையுங்கள். 1969 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சாவி ஸ்டியரிங் தண்டுக்கு மாறிவிட்டது, கடைசி வரை திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அதனால் ஒரு படி மட்டும் திருப்புங்கள். அதற்கு முந்தைய கார்களில் சாவி டேஷ்போர்டில் இருப்பதால் அந்தப் பயம் இல்லை.

காரணம் இதுதான். அறுபதுகளின் பல கார்களில் ஆக்ஸிலேட்டர் பெடலிலிருந்து கார்புரேட்டருக்குப் போவது கேபிள் அல்ல, இரும்புக் கம்பியும் நெம்புகோலும். கம்பியின் ஒரு முனை பின்சுவரில், மறுமுனை இன்ஜின் மேல். இன்ஜின் எழும்பினால் கம்பி இழுபட்டு கார்புரேட்டர் திறக்கிறது. திறந்ததால் டார்க் கூடுகிறது, கூடியதால் இன்ஜின் இன்னும் எழும்புகிறது. ஒரு சுழலுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி, காலை எடுத்தாலும் அது தன்னைத்தானே தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் பூஸ்டரின் வேக்யூம் குழாயும் இதே நேரத்தில் பிடுங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

ஒருமுறை இப்படி நடந்துவிட்டால் அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள். நடந்த பிறகு ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஆக்ஸிலேட்டரும் திரும்பி வரும், கொஞ்ச தூரம்தானே என்று தோன்றும். மவுண்ட் பிரிந்துதான் இருக்கிறது, அடுத்த அழுத்தலுக்குக் காத்திருக்கிறது.

ரிட்டர்ன் ஸ்பிரிங் அறுந்தாலும், ஏர் கிளீனரோ தரை விரிப்போ முட்டினாலும் ஆக்ஸிலேட்டர் மாட்டும். அவற்றையும் பாருங்கள். ஆனால் அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்ததும் நிம்மதியாகி மவுண்டைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: கிளம்பும்போதோ கியர் மாற்றும்போதோ "டொங்"

இங்கேதான் பலரும் என்னைப் போலத் தவறான இடத்தில் தேடுகிறோம். பிரித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு.

யுனிவர்சல் ஜாயின்ட் சத்தம் காலடியிலோ சீட்டுக்குப் பின்னாலோ கேட்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி கொடுத்தாலும் வரும். பெரும்பாலும் "டிங்" என்று மெல்லிய உலோகச் சத்தம். மவுண்ட் சத்தம் டேஷ்போர்டுக்கு முன்னாலிருந்து, கனமாக, உடம்பில் உணரும்படி வரும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், காலையில் சோக் போட்டு ஐடில் ஏறியிருக்கும் நேரத்தில் கியர் போட்டாலும் அதிகம் கேட்கும். ரிவர்ஸில் மட்டும் கேட்டால் வலது மவுண்டையும் கியர் பாக்ஸ் மவுண்டையும் சந்தேகியுங்கள்.

கியர் பாக்ஸ் மவுண்டை எல்லாரும் மறந்துவிடுகிறோம். அது வால் பக்கம், கிராஸ் மெம்பர் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) மேல் உட்கார்ந்திருக்கும். கியர் பாக்ஸ் ஆயில் கசிந்து அதில் ஊறி, ரப்பர் பஞ்சு மாதிரி ஆகிவிடும். பின் மவுண்ட் போனால் முன் மவுண்டுகள் இரண்டும் கோணலாக இழுபடும், அவையும் சீக்கிரம் போகும். கம்பியால் நெம்பிப் பார்த்து, மேலும் கீழும் தாராளமாக ஆடினால் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: ஃபேன் உரசுகிறது, பானட்டின் உள்பக்கம் புதுக் கீறல்

ரேடியேட்டரும் ஃபேனைச் சுற்றியிருக்கும் அதன் உறையான ஷ்ரவுடும் பாடியோடு பூட்டியவை. ஃபேன் இன்ஜினோடு ஆடும். அதனால் ஷ்ரவுடில் உள்ள கீறல் ஒரு வரைபடம் மாதிரி. கீறல் மேல் பக்கம் என்றால் இன்ஜின் எழும்பியிருக்கிறது, இடது மவுண்ட் பிரிந்திருக்கலாம். கீழ் பக்கம் என்றால் இன்ஜின் இறங்கியிருக்கிறது, மவுண்டுகள் நசுங்கிச் சப்பையாகிவிட்டன. வேகமாகப் பிரேக் பிடிக்கும்போது மட்டும் உரசினால் இன்ஜின் முன்னால் நகர்கிறது, மூன்று மவுண்டையும் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் ஃபேன் ரேடியேட்டருக்குள்ளேயே போய்விடும்.

பானட்டில் காற்றுத் துவாரம் உள்ள கார்களில் ஏர் கிளீனருக்கும் பானட்டுக்கும் இடையே சொற்ப இடைவெளிதான். ஏர் கிளீனர் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, பானட்டை மூடி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதிலிருந்து இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று தெரிந்துவிடும். நான் வருஷா வருஷம் இதைச் செய்கிறேன்.

அறிகுறி: கிளட்ச் சில நேரம் முழுசாக விடுவதில்லை

மேனுவல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கிளட்ச் பெடலிலிருந்து வரும் கம்பி நேராக கிளட்ச்சுக்குப் போவதில்லை. நடுவில் இசட் பார் என்ற குறுக்குத் தண்டு இருக்கிறது. அதன் ஒரு முனை சேசிஸில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில் உருண்டை மூட்டில் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் இடது பக்கம் எழும்பினால் இந்தத் தண்டு கோணலாகிப் பிடித்துக்கொள்ளும், சில நேரம் மூட்டை விட்டே கழன்று விழும். வேகமாகக் கியர் மாற்றும்போது மட்டும் கிளட்ச் பிடிவாதம் பிடித்து, நின்ற நிலையில் ஒழுங்காக இருந்தால், கிளட்ச் பிளேட்டைக் கழற்றுவதற்கு முன் இடது மவுண்டைப் பாருங்கள். எனக்கு அன்றைக்குப் பெடல் பாதியில் நின்றது இதனால்தான். ஆக்ஸிலேட்டர் மாட்டும் அதே நொடியில் கிளட்ச்சும் கைவிடலாம் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அழுத்தும்போது கியர் லீவர் ஒரு பக்கமாகச் சாய்வதும், தானாகக் கியர் நழுவுவதும் இதே குடும்பத்து அறிகுறிதான்.

அறிகுறி: ஐடிலில் ஸ்டியரிங் வரை அதிர்வு

இது பிரிந்த மவுண்டைவிட, சப்பையான மவுண்டின் அடையாளம். ரப்பர் உட்கார்ந்துபோய் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்கின்றன. எக்ஸாஸ்ட் குழாய் எங்காவது சேசிஸில் முட்டுகிறதா, ஹெடர் (தனித்தனி எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்பு) ஸ்டியரிங் தண்டின் மேல் சாய்ந்திருக்கிறதா, ஆயில் சம்ப் கிராஸ் மெம்பரைத் தொடுகிறதா என்று பாருங்கள். எதுவும் தொடாமல் அதிர்வு மட்டும் இருந்தால் டியூனிங்கில் குறை இருக்கலாம். ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரிதேன் மவுண்ட் போட்டிருந்தால் கொஞ்சம் அதிர்வு இயல்பு.

அறிகுறி: புது மவுண்ட் போட்டு ஒரு வருஷம் ஆகவில்லை, மறுபடியும் போய்விட்டது

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். மவுண்டை மாற்றினோம், மவுண்ட் போனதற்கான காரணத்தை மாற்றவில்லை.

முதல் காரணம் ஆயில். இடது மவுண்டுக்கு நேர் மேலே டேப்பட் கவர் (சிலிண்டர் ஹெட்டின் மேல் மூடி). அதன் கேஸ்கெட் கசிந்தால் ஆயில் பிளாக் வழியாக வழிந்து மவுண்டில் சேரும். பவர் ஸ்டியரிங் பம்ப்பும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். வலது பக்கத்தில் செவர்லேக்களின் பெட்ரோல் பம்ப் முன்னால் இருக்கிறது. இயற்கை ரப்பர் ஆயிலில் ஊறினால் வீங்கி, மிருதுவாகி, தகட்டோடு இருக்கும் ஒட்டு விட்டுப்போகும். கசிவை நிறுத்தாமல் புது மவுண்ட் போடுவது ஒழுகும் கூரையின் கீழ் புதுப் பாய் விரிப்பது மாதிரி.

இரண்டாவது வெப்பம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு ஹெடர் போட்டால் சில குழாய்கள் மவுண்டிலிருந்து விரல் தூரத்தில் போகும். ரப்பர் வெந்து கல்லாகி வெடிக்கும். நடுவில் ஒரு தகடு மறைப்பு வையுங்கள், அல்லது அந்தக் குழாய்க்கு வெப்பத் துணி சுற்றுங்கள்.

மூன்றாவது, பொருந்தாத பாகம். செவர்லே சிறிய பிளாக் வி8க்கு இரண்டு வகை மவுண்ட் உண்டு: குட்டையாக அகலமாக ஒன்று, நெட்டையாக ஒடுக்கமாக ஒன்று. சேசிஸ் பிராக்கெட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஐம்பது வருஷத்தில் இன்ஜினும் பிராக்கெட்டும் எத்தனை கார்களிலிருந்து மாறி வந்தனவோ, யாருக்கும் தெரியாது. வருஷத்தையும் மாடலையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். காரில் இருக்கும் பிராக்கெட்டின் உள் அகலத்தை அளந்து, அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். அகலம் மாறினால் பக்கவாட்டில் ஆடும், உயரம் மாறினால் இன்ஜின் கோணலாக உட்காரும். போல்ட்டை நெம்புகோல் வைத்துத் திணித்துத்தான் நுழைக்க முடிகிறது என்றால் அந்த ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுக்கேறி இருக்கிறது.

நான்காவது, பழைய புது மவுண்ட். பெட்டி பிரிக்காத, கம்பெனி முத்திரையோடு இருக்கும் 1968ஆம் வருஷத்து மவுண்ட் கிடைத்தது என்று சந்தோஷமாக வாங்குகிறோம். ரப்பருக்கு வயது பெட்டிக்குள்ளேயும் ஏறும். காட்சிக்கு வைக்கும் கார் என்றால் போடலாம், ஓட்டும் காரில் வேண்டாம். அதேபோல் என் கார் வருஷத்துக்கு 300 மைல்தான் ஓடுகிறது என்பதும் ரப்பருக்குப் பொருட்டில்லை.

அறிகுறி: கெட்டி மவுண்ட் போட்ட பிறகு வேறெங்கோ விரிசல்

ரப்பரே வேண்டாம் என்று இரும்பு மவுண்ட் போடுகிறவர்கள் உண்டு. டிராக் ரேஸ் காருக்குச் சரி. ரோட்டில் ஓடும் காரில், சேசிஸ் முறுக்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த முறுக்கு இன்ஜின் பிளாக்குக்கும் கியர் பாக்ஸ் வாலுக்கும் போகும். முன்னால் இரண்டும் கெட்டி, பின்னாலும் கெட்டி என்று வைத்தால் வார்ப்பில் விரிசல் விழும். முன்னால் கெட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால் பின்னால் ரப்பரோ பாலியூரிதேனோ இருக்கட்டும்.

எதைப் போடுவது, எப்படிப் போடுவது

என் தேர்வு பூட்டு மவுண்ட். பார்க்கப் பழைய ரப்பர் மவுண்ட் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே இரண்டு தகடுகளும் கொக்கிபோல ஒன்றையொன்று கோத்திருக்கும். ரப்பர் முழுசாகப் போனாலும் இன்ஜின் கொஞ்சம்தான் எழும்பும், பிரிந்து போகாது. வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்: நடுவில் ரப்பர் இல்லை என்று கற்பனை செய்தால் இரண்டு தகடும் தனித்தனியாகக் கழன்று வருமா? வரும் என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பவர் அதிகம் என்றால் பூட்டு உள்ள பாலியூரிதேன் மவுண்ட் போடலாம், ஆயில் பட்டாலும் அது அவ்வளவாகக் கெடாது.

மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் சப்பை என்றால் இன்ஜின் சாய்ந்துதான் உட்காரும். பேட்டரியின் நெகட்டிவ் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஷ்ரவுட் போல்ட் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். இன்ஜினை ஜாக்கியில் மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள், மேலே செயின் பிளாக்கில் ஒரு பிடிப்பு இருக்கட்டும். பிளாக்கில் உள்ள துளைகளை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யுங்கள். புது போல்ட், புது லாக் வாஷர். கிரேடு 5 வகை 3/8 அங்குல போல்ட்டுக்கு 30 முதல் 35 அடி-பவுண்டு. மவுண்டையும் சேசிஸ் பிராக்கெட்டையும் சேர்த்துக் குறுக்கே போகும் நீள போல்ட்டை இப்போது முறுக்காதீர்கள். இன்ஜினை முழு எடையோடு இறக்கி, சில நிமிஷம் ஓட விட்டு, அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். கியர் பாக்ஸ் மவுண்ட் கடைசி.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையையும் அப்போதே பாருங்கள். இன்ஜின் ஆடி ஆடி அது அறுந்திருக்கும். அறுந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் கிடைத்த கேபிள் வழியாகப் போய் அதைப் பொசுக்கும்.

அப்புறம் சங்கிலி. ரேஸ்காரர்கள் ரொம்ப காலமாகச் செய்வது இது: இடது சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கப் போல்ட் துளையிலிருந்து சேசிஸுக்கு ஒரு கனமான சங்கிலி. கிறைஸ்லர் கார்களுக்கு இதே வேலைக்காக டார்க் ஸ்ட்ராப் என்று தயாராகவே கிடைக்கிறது. சங்கிலியை இறுக்கிக் கட்டக் கூடாது, இறுக்கினால் அது கெட்டி மவுண்ட் ஆகிவிடும். அரை அங்குலம் தளர்வு இருக்கட்டும். பிரேக் பைப், பெட்ரோல் குழாய், ஹெடர் எதிலும் அது உரசக் கூடாது. சங்கிலி போட்டுவிட்டோம் என்று செத்த மவுண்டை வைத்து ஓட்டவும் கூடாது.

இப்போது என் காரில் பூட்டு மவுண்ட், சங்கிலி இரண்டும் இருக்கின்றன. மவுண்டின் மேல் தகட்டிலிருந்து ரப்பரின் குறுக்கே சேசிஸ் பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு நேர்க்கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஏப்ரலில் கராஜ் கதவைத் திறந்ததும், பேட்டரியைக்கூட மாட்டுவதற்கு முன், ஜாக்கியும் பலகையும் எடுத்துக்கொண்டு கீழே போய் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். மகள்தான் டார்ச் பிடிப்பாள்.